ஒன்றைப் போட்டுப் பார்க்காதவர்

அவரை நினைத்தால் முதலில் என் கண்முன் வருவது அவருடைய வலதுகைக் கட்டைவிரல்தான். மாதத் தேர்வு விடைத்தாள் கட்டைப் பிரித்து மேசையில் வைப்பார். கட்டைவிரலை நாக்கில் வைத்து நன்றாக நனைப்பார். ஒரு பக்கத்தைத் திருப்புவார். மறுபடி நாக்கு, மறுபடி பக்கம். கட்டு முடியும்போது ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஈரம் பூத்திருக்கும். மதிப்பெண் கூட்டல் சரிபார்க்க அந்தக் கட்டு அடுத்து என்னிடம்தான் வரும். நான் ஸ்கேலின் நுனியால் பக்கங்களைத் தள்ளித் தள்ளித் திருப்புவேன். "மேடத்தப் பாருங்க, பேப்பரக்கூடக் கையில தொட மாட்டாங்க" என்று அறையில் இருப்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கோபமே வராத மனிதர் என்று அவருக்குப் பெயர்.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் அவர் கணிதத் துறைத் தலைவர். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் கேள்வித்தாளைத் தயாரிப்பதும் அவர்தான், அதற்கு விடைக்குறிப்பு எழுதுவதும் அவர்தான். எல்லோருக்கும் அவர் 'ஹெச்.ஓ.டி. சார்'. நான் அவருக்குக் கீழே சில வருடங்கள் விரிவுரையாளராகக் குப்பை கொட்டினேன். நான் ஆத்தூர்க்காரி. எங்கள் பக்கத்துப் பேச்சில் இத்தனை 'ங்க' கிடையாது. அவர் வாட்ச்மேனுக்கும் 'ங்க' போடுவார், முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் போடுவார். சேர்ந்த புதிதில் நான் அதில் மயங்கித்தான் போனேன். இத்தனை மரியாதையோடு ஒருவர் அடுத்தவர் வாயை அடைக்க முடியும் என்பது போகப் போகத்தான் விளங்கியது.

அவர் எதையும் பார்க்க மாட்டார். கண் பழுது இல்லை, கண்ணாடிகூடப் போட்டதில்லை. ஒரு விஷயம் அப்படித்தான் என்று மனதில் பதிந்துவிட்டால், அது உண்மையில் அப்படித்தான் இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்ப்பதை அவர் தனக்கு நேர்ந்த அவமானமாக நினைத்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முயலையாவது பிடித்திருப்பார்கள். இவர் முயல் இருந்த கூண்டுப் பக்கமே போகமாட்டார்.

ஒரு கோடையில் விடுதிப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. மதியம் முட்டைக் குழம்பில் வாடை அடிக்கிறது என்று பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்கள். வாசலிலேயே எனக்கும் அந்த வாடை அடித்தது. முட்டை அவருடைய சொந்தக்காரர் பண்ணையிலிருந்து வருவது. மிச்சம் இருக்கும் முட்டைகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம் என்றேன். கெட்டது மிதக்கும், நல்லது முங்கும். நாமக்கல்லில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

"எதுக்குங்க மேடம்? காலைலதான் வண்டியில எறக்குனது. கெட்டுப்போறதுக்கு வாய்ப்பே இல்லீங்களே."

"ஒண்ணே ஒண்ணு உடைச்சுப் பாத்துடலாம் சார்."

"ஒடச்சுப் பாத்தாத்தான் தெரியுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து, "போய்ச் சாப்புடுங்க சாமி, மசாலா வாசம் அது" என்றார். அவர் மூக்கை அந்தத் தட்டுக்கு நேராகக் கொண்டுபோகக்கூட இல்லை. அன்று சாயங்காலம் விடுதிக் கழிப்பறைகளின் முன்னால் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கழுவ வந்த அம்மாள் திட்டிய திட்டு வளாகம் முழுக்கக் கேட்டது. மறுநாள் நான் அவரைப் பார்த்தேன், ஏதாவது சொல்வாரா என்று. "என்ன வெயிலுங்க மேடம் இந்த வருசம், புள்ளைகளுக்குச் சேர மாட்டேங்குது" என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தம் உண்மையானது. சொந்தக் காசில் மோர்ப் பாக்கெட் வாங்கிக்கொண்டு போய் விடுதியில் கொடுத்தார்.

இன்னொரு முறை துறை ஆசிரியர்கள் எல்லோரும் ஜேடர்பாளையத்துக்குப் போனோம். படுகை அணைக்குக் கீழே காவிரி பரந்து கிடக்கும். வறுத்த மீனைச் சாப்பிட்டுவிட்டுக் காலை நனைத்துக்கொண்டு வரலாம் என்று திட்டம். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவர், பாவம், ஆழம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். இவர் மீன் முள்ளை உறிஞ்சிக்கொண்டே, ஆற்றுப் பக்கம் திரும்பாமல், "முழங்கால்தானுங்க. சின்ன வயசுல இருந்து பாக்கற ஆறு" என்றார். அன்றைக்கு மதகு திறந்திருந்தது. அந்த மனிதர் நாலடி வைத்ததும் மார்புவரை இறங்கிவிட்டார். கண்ணாடி போயிற்று, சட்டைப்பையில் இருந்த போன் போயிற்று. பரிசல்காரர் ஒருவர் துடுப்பை நீட்டி இழுத்துக் கரை சேர்த்தார். எங்கள் தலைவர் அவர் தலையைத் துவட்டிவிட்டு அன்பாகச் சொன்னார்: "நீங்க காலு வெச்ச எடம் தப்புங்க தம்பி."

ஆற்றுக்கும் முட்டைக்கும் இப்படி என்றால் கணக்குக்கு எப்படி இருப்பார் என்று பாருங்கள். அவர் வருடா வருடம் விரும்பி எடுத்துக்கொள்ளும் பாடம் கலப்பெண்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு தாளில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விதி கொடுப்பார்கள். ஒவ்வொரு எண்ணையும் அந்த விதிக்குள் போட்டால் வேறொரு எண் வரும். அதை இரண்டாவது தாளில் குறிக்க வேண்டும். முதல் தாளில் ஒரு கோடோ வட்டமோ இருந்தால் இரண்டாவது தாளில் அது என்ன வடிவமாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கணக்கு. அந்தப் புது வடிவத்துக்குப் பிம்பம் என்று பெயர்.

'ஒன்றை அந்த எண்ணால் வகு' என்பது பரீட்சைக்காரர்களின் செல்ல விதி. நடுப்புள்ளியான பூஜ்யத்தின் வழியே போகாத நேர்கோடு அதில் வட்டமாகச் சுருண்டுவிடும். கோட்டுக்கு ஒரு பக்கம் இருப்பதெல்லாம் (அதற்குப் பாதித் தளம் என்று பெயர்) வட்டத்துக்கு உள்ளே போய்விடும், மறுபக்கம் இருப்பதெல்லாம் வெளியே. எந்தப் பக்கம் எங்கே போகும் என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். அதற்கு நான் சொல்லிக்கொடுத்த வழி நம் சமையலறையில் உள்ளதுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். உனக்கு வேண்டிய பக்கத்திலிருந்து ஒரே ஒரு எண்ணை எடு, விதிக்குள் போடு, எங்கே விழுகிறது என்று பார். எண் ஒன்று அந்தப் பக்கத்தில் இருந்தால் யோசிக்காமல் அதையே எடு. ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஒன்று. இதைவிடச் சுலபமான வேலை இந்த உலகத்தில் இல்லை.

அவருக்கு இது பிடிக்காது. படம் போடுவதே பிடிக்காது. பிம்பம் பற்றிய பாடத்தைப் பலகையில் ஒரு படம்கூடப் போடாமல் நடத்தி முடிக்கிற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். நான் போட்டு வைத்த வட்டங்களை அடுத்த வகுப்புக்கு வரும்போது உள்ளங்கையாலேயே பரபரவென்று அழித்துவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்வார்.

"படத்துக்கு மார்க் இல்லீங்க மேடம். எதுக்குப் புள்ளைகளப் போட்டுக் கொழப்பறீங்க? கோடு வந்தா வட்டம். பாதித் தளம் வந்தா வட்டத்துக்கு உள்ள. எழுதிப்போட்டுப் போய்ட்டே இருக்கோணும்."

"எப்பவுமே உள்ளே வராது சார். கோடு எங்கே இருக்குன்னு பாக்கணும்."

"இத்தன வருசமா உள்ளதானுங்க வந்துட்டு இருக்குது."

உள்ளேதான் வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் இத்தனை வருடமாக ஒரே கணக்கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். துறையில் ஒரு கொஸ்டின் பேங்க் உண்டு. அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவோம். அதை வரி வரியாக ஒப்பிப்பதற்குத்தான் படிப்பு என்று பெயர். கேள்வியை அப்படியே கேட்கக்கூடாது என்று நிர்வாகம் ஒரு வருடம் உத்தரவு போட்டது. அதற்கு எங்கள் துறை ஒரு வழக்கம் கண்டுபிடித்தது. பழைய கேள்வியில் ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக்குவது, விடையிலும் அதற்குத் தக்கபடி குறியை மாற்றிவிடுவது. இதற்குத் 'திருப்பிப் போடறது' என்று பெயர். டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு முழுக் கேள்வித்தாளைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள்.

அந்த செமஸ்டரில் அவர் தன் செல்லக் கணக்கைத் திருப்பிப் போட்டார். பழைய கேள்வியில் கோடு எண் ஒன்றின் வழியாகச் செங்குத்தாகப் போகும். அதற்கு வலப்பக்கம் முழுவதன் பிம்பம் என்ன என்று கேட்டிருக்கும். வட்டத்தின் உட்புறம், சரியான விடை. அவர் ஒன்றை மைனஸ் ஒன்றாக்கினார். விடைக்குறிப்பில் நடுவில் இருந்த ஒரு கழித்தலைக் கூட்டலாக்கினார். 'வட்டத்தின் உட்புறம்' என்ற கடைசி வரியை அப்படியே விட்டுவிட்டார்.

கோடு பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வட்டமும் இடப்பக்கம் தள்ளிப்போய், மைனஸ் ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் சின்னதாக உட்கார்ந்திருக்கிறது. கேட்ட பக்கத்தில் எண் ஒன்று இருக்கிறது. அதை விதிக்குள் போட்டால் ஒன்றாகவே வந்து வட்டத்துக்கு வெளியே விழுகிறது. ஆகவே விடை வெளிப்புறம். இதற்குப் பட்டம் வேண்டாம். விரலை வைத்துக் காட்டினால் போதும்.

பரீட்சை எழுதிய பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? மனப்பாடம் செய்த விடையை எடுத்தார்கள், ஒரு குறியை மாற்றினார்கள், 'உட்புறம்' என்று முடித்தார்கள். அவர் செய்த தப்பை அப்படியே செய்து முழு மதிப்பெண் வாங்கினார்கள். என் வகுப்பில் ஒரே ஒரு பெண் 'வெளிப்புறம்' என்று எழுதி, கீழே இரண்டு தாளையும் வரைந்து, ஒன்று விழும் இடத்தில் ஒரு புள்ளியும் வைத்திருந்தாள். திருத்தியவர் யாரோ, விடைக்குறிப்பைப் பார்த்து அந்தப் படத்தின் மேல் குறுக்கே சிவப்புக் கோடு கிழித்திருந்தார். அந்த ஒரு கணக்கால் அவள் அந்தப் பாடத்தில் தேறவில்லை.

சேந்தமங்கலத்துப் பெண். அப்பா போர்வெல் ரிக் வண்டியில் டிரைவர். ராஜஸ்தான் பக்கம் போனால் பொங்கலுக்குத்தான் வருவார். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். அடுத்த வருடம் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனி, ஒரு பாடத்தில் அரியர் விழுந்த பிள்ளையைக்கூட வரிசையில் நிற்க விடாது. பிறகு எழுதித் தேறினாலும் விழுந்தது விழுந்ததுதான். விடைத்தாள் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என் முன்னால் நின்றாள். அழவில்லை. "நான் எங்கீங்க மேடம் தப்புப் பண்ணியிருக்கறேன்?" என்று மட்டும் கேட்டாள்.

நான் நேரே அவரிடம் போனேன்.

"சார், உங்க விடைக்குறிப்புல கடைசி வரி மாறணும். ஒன்றைப் போட்டுப் பாருங்க."

"எதுக்குங்க மேடம்?"

"பேனாகூட வேண்டாம் சார். வாயிலேயே போடலாம். ஒன்றை ஒன்றால் வகுத்தா எவ்வளவு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஹால் முழுக்க உள்ளன்னு எழுதியிருக்குதுங்க. இந்தப் புள்ள மட்டும் வெளியங்குது. அத்தன பேரும் தப்பு, இது ஒண்ணு சரிங்களா?"

"அத்தனை பேரும் உங்க கொஸ்டின் பேங்க்கைப் படிச்சவங்க சார்."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்."

படத்தை அவர் முன்னால் வைத்தேன். அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். வேண்டுமென்று வைக்கவில்லை, அது ஒரு காகிதம், கிளாஸுக்கு அடியில் ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். முதல்வரிடம் போனேன். கணக்கு விஷயத்தில் துறைத் தலைவர் சொன்னால் சரி என்று என்னைத் திருப்பி அனுப்பினார். மறுமதிப்பீட்டுக்குப் போட்டாலும் அதே விடைக்குறிப்பை வைத்துத்தான் திருத்துவார்கள்.

அவர் தன் தப்பை மறைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. மறைக்கிறவனுக்கு எதை மறைக்கிறோம் என்று தெரியும், அவனும் ஒருமுறை அதைப் பார்த்திருப்பான். இவர் பார்க்கவே இல்லை. அவர் மனதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு நாள் கழித்து அவரே என்னிடம் வந்து, "பாவம், நல்ல புள்ளதானுங்க. அவிங்க அம்மாவ வரச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த அம்மாள் பண்ணையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். சேலை ஓரத்தில் தீவனத் தூள் ஒட்டியிருந்தது. துறைத் தலைவர் எழுந்து நின்று வணங்கி, தன் நாற்காலிக்கு எதிரே உட்கார வைத்து, டீ வரவழைத்தார். அந்த மரியாதையைப் பார்த்து அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவர் பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சொல்லுங்க கண்ணு. அந்தக் கணக்குல பாதித் தளத்தோட பிம்பம் எங்க வருது? உள்ளயா, வெளியயா?"

"வெளியங்க சார்."

அவர் அம்மாவைப் பார்த்துக் கையை விரித்தார். "இதுதானுங்கம்மா சங்கதி. புரிஞ்சுக்கிட்ட புள்ளைக்கு மார்க்க மறுபடி பாத்துப் போட எனக்கு அதிகாரம் இருக்குது. புரியாத புள்ளைக்கு எப்படீங்க போடறது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?"

"சார், பிள்ளை சொன்னதுதான் சரி" என்றேன்.

"மேடம் நல்ல மனசுக்காரங்க. புள்ளைகளுக்காகப் பேசுவாங்க" என்று அந்த அம்மாளிடம் என்னை அறிமுகப்படுத்தினார். அந்த அம்மாள் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் காரியத்தைக் கெடுக்க வந்தவள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

"சார் சொல்றதச் சொல்லிப்போடு சாமி" என்றார் மகளிடம். "உங்கொப்பன் போனுல கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? சார் என்ன உன்ர நகையவா கேக்கறாரு? ஒரு வார்த்த. சொல்லிப்போடு."

அந்தப் பெண் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த அறையை விட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

"உள்ளதானுங்க சார்."

அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். ஏய்த்து ஜெயித்தவனின் சிரிப்பு அல்ல அது. ஒரு பிள்ளைக்குக் கணக்குப் புரியவைத்துவிட்ட வாத்தியாரின் நிஜமான சந்தோஷம்.

"பாத்தீங்களா மேடம்? புள்ளைக்கே புரிஞ்சுருச்சு." பேனாவைத் திறந்து மதிப்பெண்ணை மாற்றிக் கையெழுத்துப் போட்டார். கிழித்த படத்தின் பக்கம் கண் போகவில்லை. "நல்ல கேள்விங்க இது. அடுத்த வருசக் கொஸ்டின் பேங்க்ல சேத்திப்போடுங்க."

"நீங்க மவராசனா இருக்கோணுமுங்க சாமி" என்று அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கூச்சப்பட்டு, "அட, இதுல என்னங்க இருக்குது, அது அதோட உழைப்பு" என்றார்.

வெளியே வந்ததும் அம்மாள் பஸ்ஸைப் பிடிக்க முன்னால் வேகமாக நடந்தார். பெண் தயங்கி நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; அழுதாலும் தேவலை என்றிருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"மேடம், அடுத்த செமஸ்டர் பேப்பரும் சார்தானுங்களே எடுக்கறாங்க? இந்த மாதிரி கணக்கு வந்தா எதுங்க மேடம்?"

"வெளியேதான்மா சரி. நீயே போட்டுப் பாத்தியே."

"சரி எதுன்னு தெரியுமுங்க மேடம்" என்றாள். "எழுதறது எதுன்னு கேட்டேனுங்க."